கம்பிக்குப் பின்னால் ஒளிந்த கிருமி: முதுகெலும்புப் படங்களின் கதை

"எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தவர் யார்?" பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வி. ராண்ட்ஜன் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். 1895 டிசம்பர் 22ஆம் தேதி, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் அவர் எடுத்த படத்தையும் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். அவருடைய மனைவி அன்னா பெர்த்தாவின் கை அது. சதை நிழல் போல மங்கலாகத் தெரியும், எலும்புகள் தெளிவாகத் தெரியும். ஒரு விரலில் மட்டும் கரியாகத் திரண்ட ஒரு உருண்டை இருக்கும். அது அவருடைய மோதிரம்.

அந்தப் படத்தைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. ஆனால் மோதிரத்துக்கு அடியில் இருக்கும் எலும்பு மட்டும் தெரியவில்லை. எக்ஸ்ரே சதையைத் தாண்டும், உலோகத்தைத் தாண்டத் திணறும். அன்றைக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. மோதிரத்தைக் கழற்றிவிட்டால் போயிற்று!

கழற்ற முடியாத இடத்தில் உலோகம் இருந்தால்? முதுகெலும்புக்குள்ளே ஆறு ஸ்க்ரூவும் இரண்டு கம்பியும் வைத்துத் தைத்து மூடிவிட்டார்கள், சில மாதம் கழித்து வலி வருகிறது, உள்ளே கிருமித் தொற்று இருக்குமோ என்று சந்தேகம். இப்போது எதை வைத்துப் பார்ப்பது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாறு. ஒருவர் கம்பி வைக்கக் கற்றுக்கொண்டார், இன்னொருவர் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார், முதலாமவர் வைத்த கம்பி இரண்டாமவர் எடுத்த படத்தைக் கெடுத்தது. சுமார் 130 வருஷமாக நடக்கும் இழுபறி இது.

முதல் கம்பி, எக்ஸ்ரேக்கும் முன்னால்

முதுகெலும்பில் உலோகம் வைத்த கதை எக்ஸ்ரேயை விட மூத்தது. 1891ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பெர்த்தோல்ட் ஹாட்ரா என்ற சர்ஜன், கழுத்தெலும்பு முறிந்து விலகிய ஒரு நோயாளிக்கு, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முள் போன்ற பகுதிகளை வெள்ளிக் கம்பியால் சுற்றிக் கட்டினார். ராண்ட்ஜன் படம் எடுக்க இன்னும் நான்கு வருஷம் இருந்தது. எலும்பு எங்கே விலகியிருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தும், திறந்து கண்ணால் பார்த்தும்தான் தெரிந்துகொள்ள முடியும்.

1911ல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பி என்ற இரண்டு பேரும் தனித்தனியாக வேறு வழி கண்டார்கள். உலோகமே வேண்டாம், பக்கத்துப் பக்கத்து முள்ளெலும்புகளை எலும்பாலேயே ஒட்டவைத்து ஒன்றாக்கிவிடலாம் என்றார்கள். இதைத்தான் இன்று ஃப்யூஷன் என்கிறோம். அன்று இதற்குப் பெரிய காரணமாக இருந்தது முதுகெலும்புக் காசநோய். எலும்பு அரித்துக் கூன் விழுந்த குழந்தைகளை மாதக்கணக்கில் மாவுக்கட்டில் படுக்கவைத்து, ஒட்டும்வரை காத்திருந்தார்கள்.

காத்திருக்கும் காலத்தில் எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையை உலோகத்துக்குக் கொடுத்தவர் ஹூஸ்டன் நகரத்து பால் ஹாரிங்டன். போலியோ பரவிய காலம் அது. தசை செயலிழந்ததால் முதுகு பாம்பு போல வளைந்த குழந்தைகள் அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். 1940களின் கடைசியில் தொடங்கி, கொக்கிகளும் ஸ்டீல் கம்பியும் சேர்ந்த ஒரு அமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றிச் செய்துபார்த்தார். கம்பியை மட்டும் வைத்தால் கொஞ்ச நாளில் உடைந்தது, கொக்கி கழன்றது. எலும்பையும் சேர்த்து ஒட்டவைத்தால்தான் நிற்கும் என்று புரிந்தது. 1962ல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு 'ஹாரிங்டன் ராடு' உலகம் முழுக்கப் பரவியது.

பாரிஸில் ரேமண்ட் ருவா-காமி 1963 முதல் முள்ளெலும்பின் உட்புறத்துக்கே ஸ்க்ரூ ஏற்றத் தொடங்கினார். 1980களில் பிரான்சின் கோத்ரெல், துபுஸே இருவரும் முதுகை மூன்று திசையிலும் திருத்தும் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். இன்று டிஸ்க் தேய்வு, விபத்து, கூன், கட்டி என்று எதற்கு ஆபரேஷன் செய்தாலும் ஸ்க்ரூவும் கம்பியும் சர்வசாதாரணம்.

உலோகத்துக்குக் கிருமி ஏன் ஆசைப்படுகிறது?

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் படம் எடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பது விளங்காது.

1957ல் எலெக், கோனென் என்ற இருவர் வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி. தாமாக முன்வந்த மனிதர்களின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். (இன்றைக்கு இதற்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள்!) சும்மா ஊசி போட்டால், சீழ் பிடிக்கப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு தையல் நூல் இருந்தால் சில நூறு கிருமிகளே போதுமானதாக இருந்தது. ஒரு துண்டு நூலுக்கே இந்தக் கதி என்றால், ஒரு அடி நீளக் கம்பிக்கு என்ன ஆகும்?

காரணம் பின்னாளில்தான் தெளிவாகத் தெரிந்தது. 1970களில் கனடாவில் வேலை பார்த்த பில் காஸ்டர்டன் போன்றவர்கள், பாக்டீரியாக்கள் தனித்தனியாக மிதந்து திரிவதை விட, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுப்பான ஒரு கூட்டுக்குள் வாழ்வதையே விரும்புகின்றன என்று காட்டினார்கள். குளத்துப் படிக்கட்டில் பாசி வழுக்குமே, அதே மாதிரிதான். இதற்கு பயோஃபிலிம் என்று பெயர். அந்தக் கூட்டுக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாடிக் எளிதில் கொல்லாது, வெள்ளை அணுவும் எளிதில் நெருங்காது.

1987ல் அந்தோணி கிறிஸ்டினா இதை ஒரு பந்தயமாக விளக்கினார். உலோகத்தை உள்ளே வைத்த நொடியில் ஒரு ஓட்டப்பந்தயம் ஆரம்பிக்கிறது. ஒரு பக்கம் நம் உடலின் செல்கள், இன்னொரு பக்கம் கிருமிகள். யார் முதலில் அந்தப் பரப்பில் இடம் பிடிக்கிறார்களோ, அவர்களுக்கே அது சொந்தம். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது போல :-)

இந்தக் கிருமிகளிலும் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் முரடன். ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல், தையலில் சீழ் என்று வெளிப்படையாகவே வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஸ்கேன் எல்லாம் தேவையில்லை, டாக்டரின் கண்ணே போதும். இரண்டாவது ரகம் சாது போல நடிப்பவன். நம் தோலிலேயே சாதாரணமாக வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் (2016 வரை ப்ரோப்பியோனிபாக்டீரியம் என்று அழைக்கப்பட்டது, முகப்பருவோடு பேசப்படும் அதே ஆசாமி) இதற்கு நல்ல உதாரணம். மாதங்கள், சில சமயம் வருஷங்கள் சத்தமில்லாமல் இருக்கும். காய்ச்சல் இருக்காது. ரத்தப் பரிசோதனை கூட நார்மலாக வரலாம். முதுகுவலி ஒன்றுதான் அறிகுறி.

முதுகு ஆபரேஷன் செய்தவருக்கு முதுகு வலிப்பதில் என்ன அதிசயம்? பிரச்சினையே அதுதான். வலிக்குக் காரணம் எலும்பு ஒட்டாததாக இருக்கலாம், ஸ்க்ரூ தளர்ந்ததாக இருக்கலாம், பக்கத்து டிஸ்க் தேய்ந்ததாக இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. தொற்று ஆரம்பத்திலேயே தெரிந்தால், திறந்து சுத்தம் செய்து, கம்பியை அப்படியே வைத்துக்கொண்டு பல வாரங்கள் ஆன்டிபயாடிக் கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கலாம். நாட்பட்டுப் போனால் பெரும்பாலும் கம்பியை எடுத்தாக வேண்டும். எலும்பு ஒட்டுவதற்கு முன்னால் எடுத்தால் முதுகு மறுபடி சரியலாம். எடுக்காமல் விட்டால் கிருமி எலும்பை அரிக்கும், சீழ் தண்டுவடத்தை அழுத்தினால் கால் செயலிழக்கும். கிருமியே இல்லாதவருக்கு வீணாகத் திறப்பதும் ஒரு பெரிய ஆபரேஷன்தான்.

ஆக, "உள்ளே கிருமி இருக்கிறதா?" என்ற கேள்விக்குப் பதில் சரியாகத் தெரிய வேண்டும். பதில் சொல்ல வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

முதல் சாட்சி: எக்ஸ்ரே

எக்ஸ்ரேக்குக் கம்பி நன்றாகத் தெரியும். ஸ்க்ரூ உடைந்திருந்தால் சொல்லும், கம்பி வளைந்திருந்தால் சொல்லும். ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு கரைந்தால் ஒரு கறுப்பு வளையம் போலத் தெரியும், அதையும் சொல்லும். ஆனால் எப்போது சொல்லும் என்பதுதான் சிக்கல். ஒரு இடத்தில் எலும்பின் தாது 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். திருடன் வீட்டைக் காலி செய்து போனபிறகு வரும் போலீஸ் மாதிரி.

இன்னொன்று. ஸ்க்ரூவைச் சுற்றி வளையம் தெரிந்தாலும், அது கிருமியால் வந்ததா, அல்லது எலும்பு ஒட்டாமல் ஸ்க்ரூ ஆடி ஆடித் தளர்ந்ததா என்று எக்ஸ்ரேயால் சொல்ல முடியாது. ஹாட்ரா காலத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் டாக்டர்களிடம் இருந்த ஒரே படம் இதுதான்.

இரண்டாவது சாட்சி: உடம்பிலிருந்து வரும் ஒளி

எக்ஸ்ரே வெளியிலிருந்து உள்ளே பாய்ச்சும் கதிர். இதைத் தலைகீழாக்கினால் என்ன? கொஞ்சம் கதிரியக்கப் பொருளை உடம்புக்குள் செலுத்தி, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கலாம். உலோகம் நடுவில் இருந்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் நாம் தேடுவது நிழலை அல்ல, உள்ளேயிருந்து வரும் வெளிச்சத்தை.

இதற்கு ஒரு பொருளும் ஒரு கேமராவும் தேவைப்பட்டன. கேமராவை 1950களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹால் ஆங்கர் செய்தார். பொருள் டெக்னீஷியம். 1937ல் கண்டறியப்பட்ட இந்தத் தனிமம்தான் மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம். மருத்துவத்துக்குப் பயன்படும் டெக்னீஷியம்-99எம் வகையின் அரை ஆயுள் 6 மணி நேரம்தான். எங்கோ செய்து ஊர் ஊராக அனுப்பினால் வழியிலேயே தீர்ந்துவிடும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஒரு அழகான வழி கண்டார்கள். அதன் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99ன் அரை ஆயுள் 66 மணி நேரம். தாயை ஒரு பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டால், ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் டெக்னீஷியத்தைக் கறந்துகொள்ளலாம். அந்தப் பெட்டிக்கு 'மாலிப்டினம் பசு' என்றே செல்லப் பெயர்!

1971ல் இதை எலும்புக்குப் போகும் ஒரு பாஸ்பேட்டோடு சேர்த்துக் கட்டியவர்கள் கோபால் சுப்பிரமணியன், ஜான் மெக்காஃபி. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் நடந்த வேலை. (அந்த முதல் பெயரைப் படிக்கும்போது ஒரு சின்ன சந்தோஷம் வருகிறதா இல்லையா?) எங்கெல்லாம் எலும்பு புதிதாக உருவாகிறதோ அங்கெல்லாம் இந்தப் பொருள் போய்ச் சேரும், படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். எக்ஸ்ரேக்கு வாரக்கணக்கில் தெரியாத தொற்று, எலும்பு ஸ்கேனில் சில நாட்களிலேயே தெரிந்தது.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஃப்யூஷன் ஆபரேஷனின் நோக்கமே புது எலும்பை வளர்ப்பது. ஆகவே எந்தத் தொற்றும் இல்லாமல் நன்றாக ஆறிவரும் முதுகும் ஒரு வருஷம், அதற்கு மேலும்கூட, ஸ்கேனில் பளிச்சென்றே தெரியும். குணமாவதும் கெட்டுப்போவதும் ஒரே மாதிரி ஜொலித்தால் என்ன செய்வது?

அடுத்து வந்தது காலியம்-67. 1969ல் ஓக் ரிட்ஜில் எட்வர்ட்ஸ், ஹேய்ஸ் இருவரும் புற்றுநோய்க் கட்டியைத் தேட இதைப் பயன்படுத்தினார்கள். பிறகு, கட்டிக்கு மட்டுமல்லாமல் வீக்கமும் சீழும் இருக்கும் இடத்துக்கும் இது போகிறது என்று தெரிந்தது. படம் எடுக்க ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும், படமும் தெளிவாக இருக்காது. எலும்பு ஸ்கேனையும் காலியம் ஸ்கேனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது முதுகெலும்புத் தொற்றில் பல வருஷம் வழக்கமாக இருந்தது.

1970களின் நடுவில் மேத்யூ தாக்கூர் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவரும் கூட்டாளிகளும் செய்தது இன்னும் புத்திசாலித்தனமான வேலை. கிருமியைத் தேடிப் போவது யார்? வெள்ளை அணு. அப்படியென்றால் வெள்ளை அணுவின் முதுகிலேயே ஒரு விளக்கைக் கட்டி அனுப்பினால்? நோயாளியின் ரத்தத்தை எடுத்து, வெள்ளை அணுக்களைப் பிரித்து, அவற்றில் இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி, மறுபடி அவர் உடம்பிலேயே செலுத்தினார்கள். அடுத்த நாள் அவை எங்கே கூடியிருக்கின்றன என்று பார்த்தார்கள். மனிதர்களில் கிடைத்த முடிவு 1977ல் வெளியானது. இடுப்பு, முழங்கால் செயற்கை மூட்டுகளில் தொற்றைத் தேட இந்த முறை அருமையாக உதவியது.

முதுகெலும்பில்? இங்கேதான் கதை கவிழ்ந்தது. முள்ளெலும்புக்குள் எலும்பு மஜ்ஜை நிறைய உண்டு. வெள்ளை அணுக்களுக்கு அது சொந்த வீடு, தொற்று இல்லாவிட்டாலும் அங்கே போகும். போதாக்குறைக்கு, நிஜமாகவே தொற்று இருக்கும் முள்ளெலும்புகளில் ஏறக்குறைய பாதி, பளிச்சென்று தெரிவதற்குப் பதில் சுற்றுப்புறத்தை விட மங்கலாகத் தெரிந்தன. புது அணுக்கள் அந்த இடத்துக்குள் நுழையவே முடியாமல் போவது இதற்கு ஒரு விளக்கம். பழைய எலும்பு முறிவும், கட்டியும், உலோகமும் கூட அதே மாதிரி மங்கலைக் காட்டும். உடம்பில் மற்ற இடத்தில் நம்பகமான சாட்சி, முதுகெலும்பில் மட்டும் பிறழ்சாட்சி ஆகிவிட்டது.

மூன்றாவது சாட்சி: இசைத்தட்டுக் கம்பெனியின் இயந்திரம்

1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்குத் தலையில் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. இயந்திரத்தைச் செய்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், வேலை பார்த்த கம்பெனி இ.எம்.ஐ. நம் வீட்டுப் பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளில் கிராமஃபோன் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாய் நினைவிருக்கிறதா? அந்த நாயின் சொந்தக்காரர்கள்தான். 1979ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சி.டி. என்பது பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து, கணக்குப் போட்டு, ஒரு குறுக்குவெட்டுப் படத்தை உருவாக்குவது. முள்ளெலும்பைக் கத்தரிக்காய் போல வில்லை வில்லையாகப் பார்க்க முடிந்தது. கொஞ்சமாக எலும்பு அரித்திருந்தாலும் தெரிந்தது.

ஆனால் அடிப்படை எக்ஸ்ரேதானே? உலோகம் கதிரை விழுங்கிவிடும். சில கோணங்களில் கருவிக்குப் போதுமான கதிரே வந்து சேராது. கணக்கில் ஓட்டை விழும். அதன் விளைவு, ஸ்க்ரூவிலிருந்து நட்சத்திரம் போல வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் பாய்ந்து பக்கத்தில் இருப்பதையெல்லாம் மறைக்கும். நாம் பார்க்க விரும்பும் இடம் ஸ்க்ரூவுக்குப் பக்கத்து மில்லிமீட்டர்கள். கோடுகள் மிக அடர்த்தியாக இருப்பதும் அங்கேதான்.

பிற்பாடு வந்த மென்பொருள்களும், இரண்டு வகை ஆற்றலில் எக்ஸ்ரே பாய்ச்சும் சி.டி.க்களும், 2021ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபோட்டான் எண்ணும் சி.டி.யும் இந்தக் கோடுகளை நிறையக் குறைத்திருக்கின்றன. ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, எலும்பு ஒட்டியிருக்கிறதா என்று கேட்டால் இன்றைக்கும் சி.டி.தான் முதல் ஆள். மென்மையான சதைக்குள் ஆரம்பித்திருக்கும் தொற்றைக் கேட்டால்தான் தயங்கும்.

நான்காவது சாட்சி: காந்தம்

1973ல் பால் லாட்டர்பர், காந்தப்புலத்தை வைத்துப் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். இங்கிலாந்தில் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை வேகப்படுத்தினார். இருவருக்கும் 2003ல் நோபல் கிடைத்தது. எம்.ஆர்.ஐ. என்பது எளிமையாகச் சொன்னால் உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜனைப் பேசவைப்பது. தொற்று என்றால் வீக்கம், வீக்கம் என்றால் நீர். ஆகவே எலும்பு கரைவதற்கு முன்பே, மஜ்ஜையில் நீர் கூடும்போதே எம்.ஆர்.ஐ.க்குத் தெரிந்துவிடும்.

1985ல் மைக்கேல் மோடிக் குழுவினர் முதுகெலும்புத் தொற்று சந்தேகத்தில் இருந்த 37 பேரைப் பரிசோதித்து வெளியிட்ட கட்டுரை ஒரு திருப்புமுனை. தொற்று இருந்தவர்களில் 96 சதவீதத்தை எம்.ஆர்.ஐ. பிடித்தது, இல்லாதவர்களில் 92 சதவீதத்தைச் சரியாக "இல்லை" என்றது. அன்றிலிருந்து முதுகெலும்புத் தொற்று என்றாலே எம்.ஆர்.ஐ. என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. அது உலோகம் வைக்காத முதுகு.

உலோகம் காந்தப்புலத்தைக் கோணலாக்கும். எம்.ஆர்.ஐ. தன் படத்தைக் கட்டுவதே காந்தப்புலம் எந்த இடத்தில் எவ்வளவு என்ற கணக்கின் மேல். கணக்கு கோணினால் படமும் கோணும். கம்பி இருக்கும் இடத்தில் ஒரு பெரிய கறுப்புக் குழி, அதைச் சுற்றி இழுத்து நசுக்கிய உருவங்கள். ஹாரிங்டன் காலத்து ஸ்டீல் இதில் மிக மோசம். டைட்டானியம் எவ்வளவோ மேல். சர்ஜன்கள் ஸ்டீலிலிருந்து டைட்டானியத்துக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். படம் எடுப்பவரின் கஷ்டம் கம்பி செய்பவரின் உலோகத்தை மாற்றிய அபூர்வமான இடம் இது.

வேடிக்கை என்னவென்றால், இங்கே பெரிய மெஷின் நல்ல மெஷின் அல்ல. காந்தத்தின் பலம் கூடக் கூடக் கோணலும் கூடும். கம்பி வைத்த முதுகுக்கு 3 டெஸ்லா மெஷினை விட 1.5 டெஸ்லா மெஷினே பெரும்பாலும் உசிதம். 2009ல் சீமாக், மேவ்ரிக் என்ற இரண்டு புதிய முறைகள் வெளியாயின. உலோகம் எப்படிக் கோணலாக்குகிறது என்பதையே அளந்து, படத்தைத் திருத்திக் கட்டுபவை இவை. முன்பு கறுப்புக் குழியாக இருந்த இடத்தில் ஓரளவு எட்டிப் பார்க்க முடிந்தது.

(இடையில் ஒரு தகவல்: "கம்பி வைத்தவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் காந்தம் கம்பியைப் பிடுங்கிவிடும்" என்று நம்மூரில் ஒரு பயம் உண்டு. இன்றைய டைட்டானியம் முதுகு ஸ்க்ரூக்களை அது பிடுங்காது. ஆனாலும் உடம்பில் என்ன உலோகம் இருந்தாலும் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.)

உலோகக் கோணலைத் திருத்தினாலும் இன்னொரு சிக்கல் மிச்சம். ஆபரேஷன் ஆன முதுகில் முதல் சில மாதங்கள் நீர் கோத்திருப்பதும், வீங்கியிருப்பதும், மருந்து செலுத்தினால் ஒளிர்வதும் இயல்பு. எலும்பு ஸ்கேனைக் கவிழ்த்த அதே ஆள்தான் இங்கேயும் நிற்கிறான். ஆறுவதும் அழுகுவதும் ஆரம்பத்தில் ஒரே முகம்.

ஐந்தாவது சாட்சி: சர்க்கரை

எஃப்.டி.ஜி. என்பது கதிரியக்க ஃப்ளோரின் ஏற்றிய ஒரு சர்க்கரை. 1976ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது. மூளை எந்த இடத்தில் சர்க்கரையை எரிக்கிறது என்று பார்ப்பதுதான் அப்போது நோக்கம். பின்பு புற்றுநோய் டாக்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களும் சர்க்கரையை அள்ளித் தின்னும் என்பதால், தொற்றைத் தேடுபவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். 2001 வாக்கில் பெட், சி.டி. இரண்டும் சேர்ந்த மெஷின்கள் விற்பனைக்கு வந்தபோது, வெளிச்சம் எந்த எலும்பில் எந்த ஸ்க்ரூ பக்கத்தில் என்று சரியாகச் சொல்ல முடிந்தது.

2003ல் பெல்ஜியத்தின் கென்ட் நகர டாக்டர்கள், ஆபரேஷன் ஆன முதுகுகளில் இதைச் சோதித்தார்கள். தொற்று இருந்த யாரையும் அது தவறவிடவில்லை. பெட் ஸ்கேனில் ஒன்றுமே ஜொலிக்கவில்லை என்றால் தொற்று இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம் என்பது பெரிய லாபம். ஆனால் தொற்று இல்லாதவர்களையும் இருப்பதாகச் சொன்ன தவறுகள், கம்பி வைத்தவர்களிடம்தான் அதிகம். உடல் அந்நியப் பொருளோடு சும்மா உரசிக்கொண்டிருந்தாலும் அங்கே வெள்ளை அணுக்கள் கூடும். அதுபோக, சி.டி.யின் உலோகக் கோடுகளை வைத்து பெட் படத்தைத் திருத்தும்போது, இல்லாத வெளிச்சமும் இருப்பது போலத் தோன்றலாம். அதனால் திருத்தாத படத்தையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். 2019ல் ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட முதுகெலும்புத் தொற்று வழிகாட்டியில், உலோகம் வைத்த முதுகுக்கு இந்த பெட்-சி.டி.க்கு முக்கிய இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

தீர்ப்பு சொல்வது யார்?

ஐந்து சாட்சிகளையும் விசாரித்தாயிற்று. யாருமே கிருமியை நேரில் பார்த்தவர்கள் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எக்ஸ்ரேயும் சி.டி.யும் எலும்பு கரைந்ததைப் பார்த்தன. எலும்பு ஸ்கேன் எலும்பு வளர்ந்ததைப் பார்த்தது. எம்.ஆர்.ஐ. நீரைப் பார்த்தது. இண்டியமும் சர்க்கரையும் வெள்ளை அணுவைப் பார்த்தன. எல்லாமே கிருமி விட்டுச் சென்ற தடயங்கள், அல்லது கிருமி இல்லாமலும் உண்டாகக் கூடிய தடயங்கள்.

கிருமியைக் கையும் களவுமாகப் பிடிக்க அந்த இடத்திலிருந்து ஒரு துளி எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். அதிலும் ஏமாற்றங்கள் உண்டு. முதுகெலும்புத் தொற்றில் ஊசி வழியாக எடுத்த மாதிரிகளில் சுமார் பாதியில்தான் கிருமி வளர்கிறது. முன்னால் சொன்ன சாது வேடக் கிருமியைப் பிடிக்கத் தட்டை 10 முதல் 14 நாள் வரை வைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளே "ஒன்றும் வளரவில்லை" என்று தூக்கிப்போட்டால் அவன் தப்பிவிடுவான். கிருமி திசுவில் இல்லாமல் உலோகத்தின் மேலேயே ஒட்டியிருப்பதால், எடுத்த ஸ்க்ரூவை ஒரு பாத்திரத்தில் போட்டு, ஒலி அலையால் உலுக்கி, உதிர்ந்ததை வளர்த்துப் பார்க்கும் முறையும் வந்தது. 2007ல் இடுப்பு, முழங்கால் செயற்கை மூட்டுகளில் இது பழைய முறையை விட அதிகம் பிடிக்கிறது என்று காட்டினார்கள். பிறகு முதுகுக் கம்பிகளுக்கும் பயன்படுத்தினார்கள்.

அப்படியென்றால் இத்தனை படங்களும் வீணா? நிச்சயமாக இல்லை. யாருக்கு ஊசி போட வேண்டும், எந்த இடத்தில் போட வேண்டும், யாரைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்வது படம்தான். சி.டி.யைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துகிறார்கள். சீழ் தண்டுவடத்தை அழுத்துகிறதா, இன்று ராத்திரியே ஆபரேஷன் வேண்டுமா என்று சொல்வது எம்.ஆர்.ஐ. ஒரே ஸ்கேனை நம்பாமல், வலி எப்போது ஆரம்பித்தது, ரத்தத்தில் சி.ஆர்.பி. இறங்கிய பிறகு மறுபடி ஏறியதா, படம் முந்தைய படத்திலிருந்து மாறியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கிறார்கள்.

இந்தக் கடைசி விஷயம் நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் முக்கியம். ஆபரேஷன் முடிந்து எடுத்த முதல் எக்ஸ்ரேயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வருஷம் கழித்து ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் தெரியும்போது, "இது முன்பே இருந்ததா, புதிதா?" என்ற கேள்விக்கு அந்தப் பழைய ஃபிலிம்தான் பதில் சொல்லும். மாதக்கணக்கில் வலியோடு இருப்பவரிடம் "ஸ்கேன் நார்மல், எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் யாராவது சொன்னால், ஸ்கேனின் வரலாற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஒரு படம் நார்மல் என்பது அந்தப் படத்தால் பார்க்க முடிந்தவரை நார்மல் என்றுதான் அர்த்தம்.

இப்போது இந்த இழுபறியில் ஒரு புதிய திருப்பம் வந்திருக்கிறது. கேமராவை மாற்றி மாற்றி அலுத்த பிறகு, கம்பியையே மாற்றலாமே என்று யோசித்து, கார்பன் இழை சேர்த்த பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவும் கம்பியும் செய்கிறார்கள். எக்ஸ்ரே அதைத் தாண்டிப் போகும், காந்தமும் பெரிதாகக் கோணாது. முதுகெலும்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்தவர்களுக்குத்தான் இப்போது இதை அதிகம் வைக்கிறார்கள், கட்டி திரும்ப வருகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டுமே. விலை அதிகம், வளைத்துப் பொருத்துவதும் கடினம். கம்பி செய்பவரும் படம் எடுப்பவரும் ஒருவழியாக ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி.

பின்குறிப்பு: இது வரலாற்றுக் கட்டுரை, மருத்துவ ஆலோசனை அல்ல. முதுகில் கம்பியோடு இருப்பவர்கள் காய்ச்சலோ, தையல் இடத்தில் கசிவோ, குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலியோ, காலில் பலவீனமோ இருந்தால் உடனே ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள்.